இடது ஓரம்

மூன்று வாரமாக ட்ராயான் இரவில் சாப்பிடுவதை நிறுத்தியிருந்தார். காலையில் ஒரு துண்டு ரொட்டி, மத்தியானம் ஒரு கிண்ணம் சூப், அத்தோடு சரி. அறுபத்திரண்டு வயதில் ஒரு மனிதன் பட்டினி கிடந்தால் அதற்கு டாக்டர் காரணமாக இருக்கலாம், அல்லது ஒரு பெண். அவருக்கு இரண்டும் இல்லை. செத்துப்போன அண்ணனின் கோட்டு தனக்குப் பொருந்த வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை காலை குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று இடுப்புக்கும் பேண்ட்டுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். தாராளமாகப் போயின. மூச்சை இழுத்துப் பிடித்தபோது மூன்றாவது விரலும் போனது. பெல்ட்டில் ஆணியால் குத்திய புது ஓட்டையில் கொக்கியை மாட்டிக்கொண்டு, கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்த்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்: "கடவுள் அவனை மன்னிக்கட்டும்."

ரெமுஸ் இறந்து அன்றோடு நாற்பது நாள். நாற்பதாம் நாள் செத்தவருடைய ஒரு முழு உடுப்பை, தொப்பி முதல் ஷூ வரைக்கும், அவர் வயதும் உடம்பும் உள்ள ஒருவருக்குக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு அன்றைக்கே உடுத்திக்கொள்ள வேண்டும். இவர் இங்கே உடுத்தினால்தான் செத்தவருக்கு மறு உலகத்தில் உடுப்பு. யாருக்குக் கொடுப்பது என்பதை வீட்டுக்காரி முடிவு செய்வாள். கூடப்பிறந்தவன் உயிரோடு இருந்தால் பெரும்பாலும் அவனுக்குத்தான். அவர்கள் ஊரான ஸ்டெஜேராவில் இதை யாரும் யோசிப்பதுகூட இல்லை. ஆனால் ட்ராயானும் ரெமுஸும் ஒன்பது வருடமாகப் பேசிக்கொண்டதில்லை. அண்ணனை அடக்கம் செய்த அன்று ட்ராயான் கல்லறைத் தோட்டத்து வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை. இன்றைக்கு அண்ணி அந்த உடுப்பைத் தன் கையில் வைத்துவிட்டால், ஒன்பது வருடம் ஒரு நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று அவர் நம்பினார். செத்தவனோடு சமாதானமாக வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

அவர்கள் இருவரும் ஃபோர்ஜா கால்பந்துச் சங்கத்தின் இடது ஓரத்தில் பதினோரு வருடம் ஆடியவர்கள். ரெமுஸ் பின்னால், மூன்றாம் எண் சட்டையில், தடுப்பவன். ட்ராயான் முன்னால், பதினொன்றாம் எண்ணில், ஓடுபவர். பந்தை இழந்தால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பின்னால் அண்ணன் இருந்தான். இரும்பாலைக்காரர்கள் வேலை முடிந்த கையோடு உலைக்கூடத்து முற்றத்தில் ஆட ஆரம்பித்து உருவான சங்கம் அது. ஒரு காலத்தில் தலைநகரிலிருந்து வந்த அதிகாரி ஒருவன் பெயரையும் சட்டையின் நிறத்தையும் மாற்றிவிட்டுப் போனான். பழைய பெயர் திரும்பி வரப் பதினேழு வருடம் ஆனது. எண்பத்து நான்கில் கோப்பையின் அரையிறுதி வரைக்கும் போனார்கள். இரண்டுக்கு ஒன்று என்று தோற்ற அந்த ஆட்டத்தின் ஒற்றை கோலை அடித்தது ரெமுஸ். அவன் வாழ்நாளில் அடித்ததும் அது ஒன்றுதான். பிறகு ஆட்சி கவிழ்ந்தது, ஆலை மூடியது, சங்கத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தலைவர் வந்தார். ஒருவர் சிறைக்குப் போனார். ஒரு பருவத்தில் அபராதமாக ஒன்பது புள்ளிகளைக் கழித்துக்கொண்டார்கள். ஆட்டமே ஆடாமல் மைனஸ் ஒன்பதில் தொடங்கிய அந்த வருடம்கூட ஊர் மொத்தமும் மைதானத்துக்குப் போய்ச் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் சங்கம் திவாலானது. ஒரு மரவியாபாரி வந்து, பெயரையும் நிறத்தையும் பழைய வரலாற்றையும் தனக்கு எழுதிக் கொடுத்தால் புதிதாக அணி கட்டுகிறேன் என்றார். பண்பாட்டு மன்றத்தில் பொதுக்குழு கூடியது. கை தூக்கி ஓட்டு. ரெமுஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். எதிர்ப்பவர்களுக்கெல்லாம் அவன்தான் தலைவன் மாதிரி. எண்ணுவதற்காக எழுந்து பின்னால் திரும்பியவன், ஆறாவது வரிசையில் மரவியாபாரிக்கு ஆதரவாகத் தூக்கிய கைகளுக்கு நடுவே தம்பியின் கையைப் பார்த்தான். எண்ணுவதை ஒரு கணம் நிறுத்தினான். பிறகு அந்தக் கையையும் சேர்த்து எண்ணினான்.

மரவியாபாரி இரண்டே வருடத்தில் அணியை அறுபது கிலோமீட்டர் தள்ளி இருந்த நகரத்துக்குக் கொண்டுபோனார். அங்கே மைதானத்தில் விளக்கு இருந்ததாம். ரெமுஸும் அவன் ஆட்களும் அதே நிறத்தில் இன்னொரு சங்கம் தொடங்கி, பழைய மைதானத்தில் ஐந்தாம் பிரிவில் கிராமத்து அணிகளோடு ஆடினார்கள். ட்ராயான் ஞாயிறுதோறும் பஸ் ஏறி நகரத்துக்குப் போய்வந்தார். இரண்டு சங்கமும் தன்னையே ஃபோர்ஜா என்றது. மூன்று வருடத்துக்கு முன்னால் மரவியாபாரியின் அணி பருவத்தின் நடுவே ஆட்டத்திலிருந்து விலகியது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் ட்ராயான் போய், பூட்டிய கதவு முன்னால் நின்றுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினார்.

அந்தச் சனிக்கிழமை கோயிலில் பாதிரியார் வேகவைத்த கோதுமைத் தட்டின் மேல் மது ஊற்றிச் செபம் சொன்னார். நினைவுப் பாட்டு தொடங்கியதும் தட்டைப் பிடித்தவர்கள் அதை மேலும் கீழுமாக அசைத்தார்கள். தட்டை எட்டாதவர்கள் முன்னால் இருப்பவரின் தோளில் கை வைத்துக்கொண்டார்கள். தோள் தோளாக அந்த அசைவு பின்வரிசை வரைக்கும் வந்தது. ட்ராயான் கடைசியில் நின்றார். யாரென்று தெரியாத ஒரு பெண்ணின் தோள் வழியாக அது அவர் கைக்கு வந்து சேர்ந்தது. அவருக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது.

பிறகு எல்லோரும் ரெமுஸின் வீட்டு முற்றத்துக்கு வந்தார்கள். அக்டோபர் வெயில். நீளமாக மேசை போட்டிருந்தது. பழைய கோல்காப்பாளர் ஔரெல், பிளம் பழச் சாராயக் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன பதினொன்னு, இப்படி இளைச்சுட்டே? உங்க பக்கம் சோறு போடறதில்லையா?"

"எங்க பக்கம்னு இப்ப எதுவும் இல்லையேப்பா."

"ஆமால்ல. மறந்தே போச்சு." ஔரெல் கோப்பையிலிருந்து இரண்டு சொட்டைச் செத்தவருக்காக மண்ணில் சிந்தினார். சிந்திவிட்டு நிமிர்ந்தபோது அவர் முகத்தில் கேலி இல்லை. "வந்தியே, நல்லது. சும்மா சொல்லல. நல்லது."

வெட்டூரியா வெளியே வந்தாள். ரெமுஸின் மனைவி, ட்ராயானுக்கு அண்ணி. கையில் மடித்து வைத்த உடுப்பு. பழுப்புக் கட்டம் போட்ட கோட்டு, பேண்ட், வெள்ளைச் சட்டை, மேலே தொப்பி, தொப்பி மேல் ரொட்டி, அதில் செருகிய மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. ஷூவைப் பின்னால் ஒரு பெண் தூக்கி வந்தாள். ட்ராயான் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். அந்த வாக்கியத்தின் முதல் சொல்லை நாக்கின் நுனியில் தயாராக வைத்துக்கொண்டார். அண்ணி அவரை நோக்கித்தான் நடந்து வந்தாள். அவர் கண்களைப் பார்த்தபடியே வந்தாள். இரண்டு எட்டு இருக்கும்போது பார்வையைத் தாழ்த்தி, அவரைக் கடந்துபோய், கொடிமுந்திரிப் பந்தலின் கீழ் நின்றிருந்த சாண்டுவிடம் உடுப்பை நீட்டினாள்.

சாண்டு பழைய மைதானத்தில் புல் வெட்டி, சுண்ணாம்புக் கோடு போடுகிறவர். அறுபது வயது, பீப்பாய் மாதிரி வயிறு. அவர் உடுப்பை வாங்காமல் ட்ராயானைப் பார்த்தார்.

"அம்மா, இது... அவரு இருக்காரே."

"வாங்கிக்க சாண்டு. மெழுகு சொட்டுது."

வாங்கிக்கொண்டார். "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று யாருக்கும் சரியாகக் கேட்காதபடி சொன்னார். உள்ளறைக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தபோது கோட்டின் இரண்டு பக்கமும் ஒரு சாண் விலகி நின்றது. பேண்ட்டை ஊக்கு குத்திச் சமாளித்திருந்தார். மேசையில் யாரோ சிரிக்கத் தொடங்கிப் பாதியில் அடக்கிக்கொண்டார்கள். சாண்டு நேராக ட்ராயானிடம் வந்தார்.

"நான் கேக்கல அண்ணே. சத்தியமா நான் வாய் தெறந்து கேக்கல."

"நல்லாருக்கு உனக்கு" என்றார் ட்ராயான்.

சூப் பரிமாறும்போது அவர் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனார். வெட்டூரியா அடுப்பருகே தனியாக இருந்தாள். முட்டைக்கோஸ் இலையில் சுருட்டிய இறைச்சியைப் பானையிலிருந்து ஒவ்வொன்றாகக் கரண்டியால் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி."

"சூப் ஆறிடும். போய் உக்காரு."

"சாண்டுவுக்குப் பொத்தானே போட முடியல."

"பாத்தேன்."

"எனக்குச் சரியா இருந்திருக்கும்."

அவள் திரும்பினாள். தளர்ந்து தொங்கிய அவர் சட்டையை, பெல்ட்டை, பெல்ட்டின் மீந்த நாக்கைப் பார்த்தாள். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அதுக்காகவா இப்படி ஆயிட்டே?"

அவர் கையிலிருந்த தட்டுகளால் பெல்ட்டை மறைத்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில நான்தான் உன் பேரைச் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். 'அவன் வேண்டாம், சாண்டுகிட்ட குடு'ன்னார். கோபமா சொல்லியிருந்தா மீறியிருப்பேன் ட்ராயான். சாகப்போற மனுசனோட கோபத்தை யாரு கணக்குல வைப்பா? ஆனா அவர் கோபப்படல. தண்ணி குடுன்னு கேக்கற மாதிரி சொன்னார்."

ட்ராயான் தட்டுகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார். ஒன்பது வருடமாக வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னார். அண்ணனிடம் சொல்ல வேண்டியது.

"அந்த ஓட்டு... பேரை எழுதிக் குடுக்கலன்னா பழசெல்லாம் திவாலான சங்கத்தோட சேந்து அழிஞ்சிடும்னு வக்கீல் சொன்னான் அண்ணி. எண்பத்தி நாலு, அண்ணன் அடிச்ச கோல், எதுவும் எந்தக் காகிதத்துலயும் இருக்காதுன்னான். அதைக் காப்பாத்தத்தான் கை தூக்கினேன். மரவியாபாரிக்காக இல்ல. அவருக்கு இது தெரியாது."

"தெரியும்."

"யார் சொன்னா?"

"மறுநாளே ஔரெல் வந்து சொல்லிட்டான். மன்றத்து வாசல்ல நீ அழுதுக்கிட்டே சொன்னியாம்." வெட்டூரியா மேல்துண்டின் நுனியால் கையைத் துடைத்தாள். துடைத்த கையையே திரும்பவும் துடைத்தாள். "அவர் கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டார். அப்புறம் சொன்னார்: 'நான் ஓடினது என் கால்ல இருக்கு. அதை யாரு எழுதி வாங்க முடியும்? இதுகூடத் தெரியாமலா பதினோரு வருசம் எனக்கு முன்னாடி ஓடினான்?' அதோட சரி. உன்னைப் பத்திப் பேச்சையே எடுக்க மாட்டார். நான் எடுத்தா எந்திரிச்சு வெளிய போயிடுவார்."

வெளியே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். அவள் தட்டுகளை அவர் கையிலிருந்து வாங்கித் தொட்டியில் வைத்தாள். வந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பதற்காக அடுக்கியிருந்த ரொட்டிகளில் ஒன்றை எடுத்து, அதில் ஒரு மெல்லிய மெழுகுவர்த்தியைச் செருகி, துண்டில் வைத்து அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார். அந்த வாக்கியத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். மூன்று வாரமாகச் சொல்லிப் பார்த்த சொற்கள். மன்னிக்கட்டும் என்ற சொல் வரைக்கும் போகவே முடியவில்லை. அண்ணி காத்திருந்தாள். பிறகு அவர் தோளை லேசாகத் தட்டிவிட்டு, இறைச்சித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

விருந்து முடியும் முன்பே அவர் கிளம்பிவிட்டார். வீட்டுக்குப் போக இரண்டு வழி உண்டு. ஒன்பது வருடமாக அவர் ஆற்றங்கரை வழியாகத்தான் போவார். அன்றைக்குக் கால் எப்படியோ மற்ற வழியில் திரும்பியிருந்தது. பழைய மைதானத்தின் மதில் அந்தப் பக்கம் இடிந்து, கம்பிவலை கட்டியிருந்தார்கள். கதவு திறந்து கிடந்தது. உள்ளே போகவில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்று மணிக்கு ஆட்டம், ஏதோ ஒரு கிராமத்து அணியோடு. ஆட்கள் இன்னும் வரவில்லை. சாண்டு மட்டும் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு கோடு போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு உடுத்தியதை அன்றைக்குக் கழற்றக்கூடாது என்பதால் அதே கோட்டோடு, அதே தொப்பியோடு விருந்திலிருந்து முன்னதாகவே வந்திருந்தார். இடது ஓரத்தில், ட்ராயானுக்கு முதுகைக் காட்டி, மெதுவாக நடந்தார். பின்னாலிருந்து பார்த்தால் வயிறு தெரியவில்லை. பழுப்புக் கட்டம், கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்த தோள், கழுத்தில் தொப்பிக்குக் கீழே வெட்டிய நரைமுடி. மைதானத்தில் அண்ணனின் முதுகை ட்ராயான் ஒரு நாளும் பார்த்ததில்லை. பதினோரு வருடமும் அவன் இவர் முதுகைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

ட்ராயான் ரொட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வலைக்கு வெளியே நடக்கத் தொடங்கினார். வண்டியின் வேகத்துக்கே நடந்தார். கால் வண்டியை முந்தப் பார்த்தபோது நின்று, இரண்டு எட்டுப் பின்தங்கிக்கொண்டார். சாண்டு திரும்பிப் பார்க்கவில்லை. ஈரப் புல்லின் மேல் வெள்ளைக் கோடு நீண்டுகொண்டே வந்தது. பாதி மைதானம் கடந்ததும் வலை முடிந்து, உடைமாற்றும் அறையின் செங்கல் சுவர் தொடங்கியது. சாண்டு உடுத்திய பழுப்புக் கோட்டின் கடைசி ஓரம் சுவருக்குப் பின்னால் மறைந்தது. அவர் சுவரை ஒட்டியே போனார், ஒரு கையால் செங்கலைத் தடவிக்கொண்டு. அந்தப் பக்கம் வண்டிச் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டு போனது. சில எட்டுகள் போனதும் நின்றது. அவரும் நின்றார். மறுபடி கிறீச்சிடும் என்று மூச்சைப் பிடித்துக் காதைச் சுவரில் வைத்தார்.