சும்மாதான்

மனநிலைகளுக்குத் தமிழ்ச்சொல் தேடுவதுதான் தம்பிக்குப் பிழைப்பு. ஒரு பதிப்பகத்துக்காக உளவியல் அகராதி எழுதிக்கொண்டிருந்தான். சலிப்பு வேறு, சோர்வு வேறு, விரக்தி வேறு என்று இழை இழையாகப் பிரிப்பான். மனைவி கோபமாக இருக்கிறேன் என்றால், கோபமா எரிச்சலா என்று விசாரித்து நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வான்.

கொஞ்ச நாளாக அண்ணனிடமிருந்து அடிக்கடி போன் வந்தது. கிரேன் ஓட்டியவர். தோள்பட்டை தேய்ந்துபோய் வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அண்ணி பகலெல்லாம் மருந்துக்கடை வேலையில் இருப்பாள்.

"என்னண்ணே விஷயம்?"

"சும்மாதான் கூப்பிட்டேன்."

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன்."

"சரிண்ணே, கொஞ்சம் வேலையா இருக்கேன். வச்சிடவா?"

"ம்."

காரணமில்லாமல் போன் செய்கிறவர்களை வேலைவெட்டி இல்லாதவர்கள் என்று ஒரு காலத்தில் திட்டித் தீர்த்த மனிதர் அவர். அகராதிக்காரனுக்கு இது உறைக்கவில்லை.

ஒவ்வொரு சொல்லுக்கும், அந்த நிலையில் இருப்பவர் பேசக்கூடிய ஒரு வாக்கியமும் வேண்டும் என்று பதிப்பாசிரியை கறாராகச் சொல்லியிருந்தாள். அன்று 'உணர்வு மரத்தல்' என்ற சொல்லுக்கு வந்திருந்தான். எதிலும் நாட்டமில்லை, துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை என்று விளக்கம் எழுதினான். உதாரணத்துக்கு அதிகம் யோசிக்கவில்லை. "சும்மாதான் இருக்கேன்" என்று எழுதினான்.

திரும்பப் படித்தபோது அது அண்ணன் குரலில் கேட்டது. 

போன் செய்தான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அப்படியே. சட்டையை மாட்டிக்கொண்டு ஓடிப்போய் பஸ் பிடித்தான். தெய்வமே, ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது.

கதவு தாழ்போடாமல் இருந்தது. அண்ணன் சோபாவின் நடுவில், அணைந்து கிடந்த டிவியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கைக்கெட்டும் தூரத்தில் போன் இருந்தது. பக்கத்தில் காலையில் அண்ணி போட்டு வைத்துவிட்டுப் போன டீ, ஆடை படிந்து கிடந்தது.

"என்னடா, இந்நேரத்துல? எதுக்கு வந்தே?"

பஸ்ஸில் பொறுக்கி வைத்திருந்த சொற்களையெல்லாம் தம்பி அப்படியே விட்டுவிட்டான்.

"சும்மாதாண்ணே."

 அண்ணன் நகர்ந்து இடம் விட்டார். தம்பி உட்கார்ந்தான்.

"கொஞ்ச நாளாவே ஒரு மாதிரி இருக்குடா" என்றார்.

எந்த மாதிரி என்று தம்பி கேட்கவில்லை.