ஊழியர் பாவனை நீங்கலாக

2008 நவம்பர் 12, புதன்

இன்று ஒரு சிறு பிழை விட்டேன். காலையில் கல்வித்துறை ஆய்விதழ்களின் தரவுத்தளத்தைத் திறந்தபோது கட்டுரைத் தலைப்புகள் வந்தன, சுருக்கங்களும் வந்தன. முழுக் கட்டுரையை அழுத்தினால் மட்டும் ஒரு சின்னப் பூட்டுப் படம் வந்து நின்றது. நேற்று இரவு ஹட்டன் முழுக்கக் காற்றும் மழையும். தொலைபேசிக் கம்பியில்தான் ஏதோ என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். அந்த நேரம் பார்த்து வட்டகொடையிலிருந்து அழகம்மா டீச்சர் போன் எடுத்தார். லைன் கோளாறு டீச்சர், சனிக்கிழமைக்குள் சரியாகிவிடும், வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். லைன் கோளாறு என்றால் தலைப்பும் வந்திருக்காது. இதுகூட யோசிக்கத் தெரியாமல்தான் வாரத்தில் மூன்று மாலை நூலகவியல் வகுப்புக்குப் போய் வருகிறேன்.

உண்மை மத்தியானம் வந்தது. பல்கலைக்கழகத்தின் தலைமை நூலகம் கொழும்பில் இருக்கிறது. நாங்கள் அதன் மலையகக் கிளை. இதழ்களுக்கும் தரவுத்தளங்களுக்கும் சந்தா கட்டுவது அவர்கள். எந்தக் கிளைக்கு எதைத் திறந்துவிடுவது என்று முடிவு செய்வதும் அவர்களே. பாவனை குறைவாக இருப்பதால் கல்வித்துறைத் தரவுத்தளம் எங்கள் கிளைக்கு நிறுத்தப்படுகிறது என்று மின்னஞ்சல் வந்திருந்தது. கூடவே, செப்டெம்பரில் நாங்கள் அனுப்பிய பாவனை அறிக்கையையும் இணைத்திருந்தார்கள். அது நான் தயாரித்தது. மொத்தப் பாவனை பதினொரு தடவை. அதற்குக் கீழே நானே சேர்த்த வரி: ஊழியர் பாவனை நீங்கலாக.

அந்த வரியை எழுதியபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. கணக்கெடுக்கும்போது ஊழியர்கள் திறந்து பார்த்ததையும் சோதனைக்காக அழுத்திப் பார்த்ததையும் கழித்துவிட வேண்டும், அப்போதுதான் வாசகரின் பாவனை தெரியும் என்று வகுப்பில் சொல்லித்தந்திருந்தார்கள். அதன்படி கவுண்டரில் ஊழியர் கடவுச்சொல்லில் நடந்த எல்லாவற்றையும் கழித்தேன். எங்கள் கிளையில் வாசகர்கள் கணினியைத் தொடுவதில்லை என்பது எனக்குத் தெரியாத விஷயமல்ல. தெரிந்துதான் இருந்தது. கழிக்கும்போது ஞாபகத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

இங்கே வருகிறவர்கள் அனேகமாகத் தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள். எல்லோருக்கும் சொந்தக் கடவுச்சொல் கொடுத்திருக்கிறோம். அதை மடித்துக் கைப்பைக்குள் அடையாள அட்டையோடு வைத்திருப்பார்கள். அழகம்மா டீச்சர் முதன்முதல் கணினியில் கை வைத்த அன்று கரண்ட் போய்த் திரை கறுத்துவிட்டதாம். அப்போது கவுண்டரில் இருந்தவர், உடைந்தால் யார் காசு கட்டுவது என்று கேட்டாராம். அதன் பிறகு டீச்சர் என் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்து சொல்லுவார், நான் தட்டுவேன். மற்றவர்களும் அப்படித்தான். எனக்கும் அதுவே இலகுவாக இருந்தது. பழக்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஆகவே அவர்கள் படித்ததெல்லாம் என் கணக்கில் ஏறியது. அதை நான் கழித்துவிட்டேன்.

நூலகர் அம்பலவாணர் சேர் அறிக்கையைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டப் பிடித்து வாசித்தார். யாழ்ப்பாணத்தவர், கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும்.

"பிள்ளை, உம்மை ஆர் கழிக்கச் சொன்னது?"

வகுப்பில் படித்தேன் என்றேன்.

"மற்றக் கிளையள் ஒண்டும் கழிக்கேல்லை. கூட்டித் துடைக்கிறவள் கணினித் திரையைத் துடைச்சதையும் சேர்த்துத்தான் அனுப்பியிருப்பினம்."

பிறகு கொழும்புக்குப் போன் எடுத்து நெடுநேரம் பணிவான ஆங்கிலத்தில் பேசினார். குழு முடிவெடுத்துவிட்டது, அடுத்த மீளாய்வு அடுத்த வருஷம்தான் என்றார்களாம். திருத்திய கணக்கு அனுப்பலாமா என்று கேட்டாராம். எந்தத் தேடல் எந்த வாசகருக்காக என்பதற்கு ஆதாரம் உண்டா என்று கேட்டார்களாம். நாங்கள் அப்படி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுச் சேர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"என்ரை பிள்ளை பொய்க் கணக்கு எழுதேல்லை எண்டு சொன்னனான். அதுக்கு நன்றி சொல்லிச்சினம்."

அறிக்கையில் கையெழுத்துப் போட்டது தானும்தான் என்பதை அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 13, வியாழன்

அழகம்மா டீச்சருக்கு வேண்டியவை ஆறு கட்டுரைகள். தோட்டப் பிள்ளைகள் பாதியில் படிப்பை விடுவதைப் பற்றித்தான் அவருடைய முதுகலை ஆய்வு. உசாத்துணையாகக் காட்டிய நூல்கள் எல்லாம் பழசு, புதியவை வேண்டும் என்று மேற்பார்வையாளர் ஓர் அத்தியாயத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். டிசம்பர் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் பதிவு ரத்தாகிவிடும்; இதற்கு மேல் தவணை கிடையாது. பாடசாலையில் அவர் பதில் அதிபர். ஜனவரியில் நிரந்தர அதிபருக்கு நேர்முகம் வைக்கிறார்கள். ஆய்வைக் கொடுத்து முடித்த கடிதம் கையில் இல்லாமல் போனால் வெளியிலிருந்து ஒருவரைப் போட்டுவிடுவார்கள். நான்கு வருஷமாக அந்தக் கட்டடத்தின் கூரை ஓட்டைக்கெல்லாம் அலைந்தவர் அவர்.

தலைமை நூலகத்தில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஆறையும் எடுத்து அனுப்ப முடியுமா என்று கேட்டேன். சந்தா இல்லாத கிளைக்கு அனுப்புவது ஒப்பந்தத்துக்கு விரோதம் என்றார். அவரும் சரியாக வேலை செய்கிறவர். கட்டுரைகளை எழுதியவர்களுக்கே மின்னஞ்சல் போட்டேன். ஒருவர் விடுமுறையில் இருப்பதாகத் தானியங்கிப் பதில் வந்தது. மற்றவர்களிடமிருந்து ஒன்றுமில்லை.

நூலகச் சிற்றூழியர் சின்னராசா அண்ணனுக்கு விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. புத்தகங்களை அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"கொழுந்து நிறுக்கிற எடத்துல சாக்குக்கு ரெண்டு கிலோ, தண்ணிக்கு ரெண்டு கிலோன்னு கழிப்பாங்கல்ல. அந்தக் கணக்கப்புள்ளகூட மிச்சத்த எழுதிக் குடுப்பாரும்மா. நீ சாக்க மட்டும் வச்சிக்கிட்டு கொழுந்தையில்ல கழிச்சிருக்க."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். என் முகத்தைப் பார்த்த பிறகு போய்ப் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து வைத்தார். 

அம்மா இன்னும் கொழுந்து பறிக்க மலைக்குத்தான் போகிறார். மழை நாட்களில் தண்ணீருக்கு அதிகமாகக் கழித்துவிட்டார்கள் என்று வந்து சொல்லாத வாரம் இல்லை. கணக்கப்பிள்ளையைத் திருடன் என்பார். சின்ன வயதில் நானும் அதை நம்பினேன். இன்று வகுப்பில் இருந்தபோது எனக்கு வேறு மாதிரித் தோன்றியது. அவரும் எங்கேயோ படித்துத்தான் கழித்திருப்பார். தனக்கென்று ஒரு கிலோகூட எடுத்துப் போகாமல், விதிப்படி, சுத்தமான கையோடு கழித்திருப்பார். இரவு லயத்து வீட்டுக்கு வந்தபோது, வகுப்பில் என்ன சொல்லிக் கொடுத்தாங்க என்று அம்மா கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 15, சனி

டீச்சர் ரயிலில் வந்தார். தலவாக்கலைக்கு இந்தப் பக்கம் ரயிலை நிறுத்தி வைத்துவிட்டார்களாம், வந்து சேர மத்தியானமாகிவிட்டது. குடையை வெளியில் விரித்து வைத்துவிட்டு, வழக்கம் போலப் பக்கத்தில் உட்கார்ந்து, அத்தியாயத்தைப் பொலித்தீன் பையிலிருந்து எடுத்தார். வருவதற்கு முன்பே போனில் சொல்லியிருக்கலாம். முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை என்று நினைத்தேன். புதன்கிழமையிலிருந்து அதற்குத் தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. லைன் கோளாறு இல்லை என்பதில் தொடங்கி, கழித்தது வரைக்கும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

 சொல்லி முடிந்ததும் டீச்சர் கேட்டார்.

"அப்ப ரெண்டு வருசமா நான் இங்க வந்ததே இல்ல. அப்படித்தானே?"

"கணக்குல என் பேருதாங்க டீச்சர் இருக்கு."

"அப்படியா. அப்ப நேர்முகத்துக்கும் நீயே போயிட்டு வந்துரு ஜீவா. அதிபராயிரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் அழுதிருந்தால் அவருக்கு ஆறுதல் சொல்லும் வேலையும் சேர்ந்திருக்கும், அதனால் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கொழும்பில் தரவுத்தளம் இன்னும் திறந்துதான் இருக்கிறது, மாணவர் அட்டையோடு போனால் அங்கே உட்கார்ந்து படிக்கலாம் என்றேன். ஒருநாளில் முடிகிற வேலையில்லை, சண்டை நடக்கிற நேரம், லொட்ஜில் தங்கத் தமிழ் ஆட்களிடம் பொலிஸ் பதிவு கேட்பார்கள் என்றார். அவருடைய பாடசாலை ஆசிரியர் ஒருவரைப் போன மாதம் வெள்ளவத்தையில் பிடித்து, விடியும்வரை வைத்திருந்து விட்டார்களாம். அதோடு சாதாரண தரப் பரீட்சை வருகிறது, பாடசாலையை விட்டு அசைய முடியாது.

பிறகு திரையைக் காட்டி, என்ன மிச்சம் இருக்கிறது என்று கேட்டார். முதல் கட்டுரையின் சுருக்கத்தைத் திறந்து கொடுத்தேன். உதடு அசைய அசைய மெதுவாக வாசித்தார். முன்பு நான் அச்செடுத்துக் கொடுத்த கட்டுரைகளையும் இப்படித்தான் வாசித்திருப்பார் போல. அப்போதெல்லாம் அடுத்த சனிக்கிழமை வரும்போது தாள் முழுக்கப் பென்சில் கோடு இருக்கும். இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம், இந்த அட்டவணையில் ஏன் இரண்டு கூட்டுத்தொகை என்று கேட்பார். எனக்குப் பாதி புரியாது. இன்று ஒரு பந்தியோடு எழுத்து முடிந்து, கீழே அந்தப் பூட்டு வந்தது.

"என்னா கண்டுபுடிச்சாங்கன்னு இதுலயே இருக்கு."

"சுருக்கந்தாங்க டீச்சர்."

"எழுதுனவங்க பேரு இருக்கு, வருசம் இருக்கு, பக்கம் இருக்கு. இதுக்கு மேல என்னா வேணும். படிச்சதா எழுதிக்கிறேன்."

மேற்பார்வையாளர் கேட்டால் என்றேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவரு படிச்சிருப்பாரா?"

 ஆறையும் ஒவ்வொன்றாகத் திறந்தேன். ஆறிலும் ஒரு பந்தி, ஒரு பூட்டு. உசாத்துணைப் பட்டியலில் எதை முதலில் போடுவது, எங்கே காற்புள்ளி வைப்பது என்பதெல்லாம் தனக்குப் பிடிபடவில்லை, நீதான் படித்தவளாயிற்றே, செய்து வைத்துவிடு, பிள்ளைகள் யாரையாவது அனுப்பி எடுத்துக்கொள்கிறேன் என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்த களைப்புக்கு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுப் போகச் சொன்னேன், ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தார். ஜன்னலால் பார்த்தேன். படிக்கட்டில் நின்று, திருத்தப்படாத அத்தியாயத்தை மறுபடி பொலித்தீன் பைக்குள் போட்டு, பையை இரண்டு தரம் மடித்து, சேலைக்குள் மார்போடு வைத்துக்கொண்டு மழையில் இறங்கினார். குடையைத் தூக்கிப் பிடிக்கும்வரை கொஞ்சத் தூரம் நனைந்துகொண்டேதான் போனார்.

மாலை வகுப்புக்குப் போகவில்லை.

நாளை ஞாயிறு, நூலகத்தை ஒன்பது மணிக்குத் திறக்க வேண்டும். ஆறு சுருக்கங்களையும் அச்செடுக்க வேண்டும். உசாத்துணைப் பட்டியலை அகர வரிசையில் அடுக்க வேண்டும். பக்க எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.