மாடிக்கு ஒரு தனியாள்

மக்கள் வரிப்பணத்தில் எழும்பும் கட்டடங்களில் இனி ஏ.சி. கூடாது என்று மாநகராட்சி தீர்மானம் போட்டதிலிருந்து, குளிர்ச்சிக்காக மாடிக்கு ஒரு தனியாளை உட்கார வைக்கிறார்கள். தனியாள் இருக்கும் அறை குளிரும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மின்சாரம் வேண்டாம். புகை இல்லை. சத்தமும் கிடையாது.

வடக்குத் தெரு சுகாதார நிலையத்தின் முதல் மாடிக்கு ஆவுடையப்பனை எடுத்திருந்தார்கள். பஞ்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஆள் எடுக்க வந்தவர்கள் அவர் வீட்டு அடுக்களையைத்தான் முதலில் பார்த்தார்கள். ஒரு தட்டு, ஒரு தம்ளர். அவருக்கு முன்னால் விண்ணப்பித்தவரை, மகள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுகிறாள் என்று கழித்துவிட்டார்கள். இன்னொருவர் வீட்டில் கிளி இருந்தது.

காத்திருக்கும் கூடத்தின் நடுவில் அவருக்கு நாற்காலி. வெயிலில் நடந்து வரும் கர்ப்பிணிகள் அவர் பக்கத்துப் பெஞ்சுக்கு முந்திக்கொள்வார்கள். உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, அவர் தலைக்கு மேலாகவே பேசிக்கொள்வார்கள்.

"இவரு நல்லா குளுருதாரு. கீழ இருக்கவரு சுமார்தான்."

"கீழ உள்ளவருக்குத் தங்கச்சி ஒண்ணு இருக்காம்லா."

அவருக்குப் பின்னால் சுவரில் ஒரு பலகை தொங்கியது. இவரிடம் சாப்பிட்டாச்சா என்று கேட்கக் கூடாது. பலகைக்குக் கீழே அலமாரியில் ஒரு பாட்டில் தேங்காய் எண்ணெய். அது உறைந்திருந்தால் கட்டடம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனி மாதம் மாற்றலாகி வந்த நர்ஸ் பிலோமினா, தடுப்பூசிப் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போகிற போக்கில், "என்ன அண்ணாச்சி, சாப்ட்டாச்சா?" என்று கேட்டுவிட்டாள். பலகையைப் படிக்காமல் இல்லை. வாய்ப் பழக்கம்.

ஆவுடையப்பன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் தாண்டிப் போயிருந்தாள். காலையில் அவர் சாப்பிடுவதில்லை. பாட்டிலின் ஓரத்தில் எண்ணெய் இளகியது.

மறுநாளும் கேட்டாள். அதற்கு அடுத்த நாள் எண்ணெய் தண்ணீர் மாதிரி நின்றது. பெஞ்சில் இருந்த பெண் அவரைத் திரும்பிப் பார்த்து, "இவரு என்ன, இன்னைக்கு ஓடலியா?" என்றாள்.

உதவிப் பொறியாளர் கோமதிநாயகம் வந்து பாட்டிலைக் குலுக்கிப் பார்த்தார்.

"சிஸ்டர், திங்கக்கெழம ஆய்வுக்கு வாராங்க. எண்ணெ இப்படியே கெடந்தா கட்டடத்தப் பிரிச்சு, செங்கல் செங்கலா சூளைக்கே திருப்பிக் குடுக்கணும்."

"நான் என்ன சார் செஞ்சேன்?"

"சாப்ட்டாரான்னு கேட்டீங்க."

"அது எல்லார்ட்டயும் கேக்கதுதான."

"எல்லார்ட்டயும் கேளுங்க. இவர்ட்ட கேக்காதீங்க."

அதன் பிறகு அவள் உதட்டை மடித்துக்கொண்டு போனாள். எண்ணெய் உறையவில்லை. ஏன் என்று ஆவுடையப்பனுக்குத் தெரிந்திருந்தது. அவரைத் தாண்டும்போது ஒவ்வொரு தடவையும் அவள் கால் கொஞ்சம் தயங்கியது. அந்தத் தயக்கமே போதுமானதாக இருந்தது. மாடிப்படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று அவரும் காதைத் தீட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை கூடம் நிறையப் பிள்ளைகள். ஊசி போட அந்த வட்டாரத்தில் வேறு இடம் கிடையாது. அவர் ஒவ்வொரு பிள்ளையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசிப் பிள்ளையும் அழுது முடித்துப் போன பிறகு, "சிஸ்டர்" என்று கூப்பிட்டார். அவர் குரலை அவள் அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டாள்.

"நான் தெனமும் சாப்ட்டுட்டுத்தான் வாரேன். மகன் வீடு பக்கத்துலதான். மருமக இட்லி அவிச்சுக் குடுத்துருதா. ஆபீசுல சொல்லிராதீங்க, வேல போயிரும்."

"அப்படியா அண்ணாச்சி?" அவள் முகம் தெளிந்தது. "நான் என்னமோ நெனச்சுக்கிட்டே இருந்தேன்."

திரும்பிப் போகும்போது அவள் கால் தயங்கவில்லை. அவள் படிக்கட்டை அடைவதற்குள் எண்ணெய் உறைந்துவிட்டது.

திங்கட்கிழமை வந்த அதிகாரிகள் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தார்கள். ஒன்றும் அசையவில்லை. ஒருவர் பேனாவால் குத்திப் பார்த்தார். பேனா முனை வளைந்தது. முழு மதிப்பெண் கொடுத்துவிட்டு, மிச்சக் குளிர்ச்சியை வீணாக்கக் கூடாது என்பதும் தீர்மானத்தில் இருக்கிறது என்று கோமதிநாயகத்திடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

இரண்டு நாளில், பின்பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் குளிர்ச்சி கொண்டுபோகக் குழாய் வந்தது. அதை நாற்காலியின் முதுகில் பொருத்த வேண்டும்.

"கொஞ்சம் முன்னால சாயுங்க பெரியவரே" என்றார் குழாய்க்காரர்.

ஆவுடையப்பன் சாய்ந்தார். குழாயை மாட்டியதும், அதன் வழியாகப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் இந்தப் பக்கம் வந்தது. குழாய்க்காரர் காதை வைத்துக் கேட்டார். பிறகு பையிலிருந்து ஒரு வால்வை எடுத்தார்.

"இத வச்சிட்டா இங்கேருந்து போகும். அங்கேருந்து ஒண்ணும் வராது."

ஆவுடையப்பன் திருகாணிகளை உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அவர் கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார்.