ஒருவழிக் குரல்

"காலையிலேர்ந்து ஒரே ஊமைக் கால்டா. எடுத்தா மூச்சு விடற சத்தம்கூட இல்ல. வேலவெட்டி இல்லாத ஜென்மங்க!" அக்கா ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டாள். வீட்டில் அடி வாங்கும் பெண்கள் ரகசியமாகக் கூப்பிடும் உதவி மையம் அது. போன் எடுப்பது அக்கா. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது தம்பி.

மையம் இன்னும் பழைய வகை இணைய முகவரியில்தான் ஓடுகிறது. வெளியே பாதிக் கைப்பேசிகள் புதிய வகை முகவரிக்கு மாறிவிட்டன. ஒன்றோடு ஒன்று நேராகப் பேசாது. நடுவில் நின்று இரு பக்கக் குரலையும் வாங்கிக் கைமாற்றிவிட, நேற்றுத்தான் தம்பி ஒரு ப்ராக்ஸி வைத்திருந்தான். தன் கைப்பேசியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தபோது கணீரென்று கேட்டது. அந்தக் கைப்பேசி ஆபீஸ் வைஃபையில், பழைய முகவரியில் இருந்தது என்பது அந்த மகா புத்திசாலிக்கு உறைக்கவில்லை.

இப்போது ப்ராக்ஸியின் அமைப்பைத் திறந்தான். 'உன் குரலை இங்கே அனுப்பு' என்று புதிய முகவரிப் போன்களுக்குச் சொல்லும் இடத்தில் பழைய முகவரியையே விட்டிருந்தான். அவர்கள் பேசியது எங்கும் போய்ச் சேரவில்லை. அக்கா பேசியது மட்டும் அவர்களுக்குச் சுத்தமாகக் கேட்டிருக்கிறது.

முகவரியை மாற்றிவிட்டு, தன் கைப்பேசியில் வைஃபையை அணைத்துச் சோதித்தான். இந்த முறை உண்மையாகவே வேலை செய்தது. ஆனால் சொல்லித்தானே ஆக வேண்டும்?

"அக்கா, அவங்க பேசியிருக்காங்க. நமக்குத்தான் கேக்கல. தப்பு என்னோடது."

அக்கா திரையில் ஓர் எண்ணைத் தொட்டுக் காட்டினாள். "ஒருத்தி திரும்பத் திரும்பக் கூப்பிட்டாடா. 'விளையாட்டு காட்ட வேற இடம் கெடைக்கலயா'ன்னு திட்டி வெச்சேன். அதுக்கப்புறம் அவ கூப்பிடவே இல்ல."

"நாம கூப்பிட்டுப் பாக்கலாமா?"

"கூடாது. போன் யார் கையில இருக்கோ."

அப்போது மணி அடித்தது. திரையில் அதே எண். அக்கா பாய்ந்து எடுத்தாள். தம்பி இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டான்.

"யாரு இது?" ஓர் ஆணின் குரல், பக்கத்தில் நின்று பேசுவதுபோல. "என் பொண்டாட்டி எதுக்கு இந்த நம்பருக்கு இத்தன தடவ போன் பண்ணியிருக்கா?"

அக்கா கண்ணை மூடித் திறந்தாள். "தையல் கடைங்க. துணி ரெடியான்னு கேட்டிருப்பாங்க. காலையில லைன் சரியில்ல, பேச முடியல. நேர்ல வந்து வாங்கிக்கச் சொல்லுங்க."

அவன் போனை வைத்துவிட்டான்.

அக்கா தம்பியின் கையை இறுகப் பிடித்தாள். "பின்னாடி அவ சத்தம் ஏதாவது கேட்டுச்சாடா?"

"இல்லக்கா" என்றான்.