எந்த மாடியில் இருந்தீர்கள்?

"எழுந்து வாங்கன்னு கத்திக்கினே கீழ ஓடறேன், நீங்க பாட்டுக்கு..."

"டேங்க் ஓடுச்சுமே. அதுக்கு இன்னாத்துக்கு எழுந்து..."

"பேப்பரக்கூட மடிக்கல. ஊடே ஆடுது, காலை நீட்டிக்கினு..."

"நான் சொல்றத முடிக்க வுடேன்!"

இருவரும் ஒரே சமயத்தில் நிறுத்தினார்கள். மூச்சு வாங்கியதுதான் காரணம். புஷ்பா மூன்று மாடி இறங்கி, மறுபடி மூன்று மாடி ஏறி வந்திருந்தாள். லிப்டில் ஏற யாருக்கும் தைரியமில்லை. பத்தேகாலுக்கு நிலம் நடுங்கியதும் குடியிருப்பில் இருந்த அத்தனை பேரும் கீழே மோட்டார் ரூம் பக்கம் போய் நின்றுவிட்டார்கள். அவள் கணவர் கஜபதி மட்டும் வரவில்லை.

"இன்னிக்கு ஞாயித்துக்கெழம. எவன் டேங்க் ஓட்டறான்?"

"ஓவர்டைமா இருக்கும்."

"ஆவடில ஓட்டுனா நெமிலிச்சேரில ஆடுமா?"

"முப்பத்திரண்டு வருசம் டேங்க் பேக்டரி குவார்ட்டர்ஸ்ல கெடந்தோமே. ட்ராக்ல டேங்க்க வுட்டாங்கன்னா அலமாரில டம்ளரெல்லாம் ஆடும். நீ ஒருநாளாவது ஓடினியா? பூண்டு உரிச்சிக்கினு உக்காந்திருப்பே."

அது உண்மைதான். குவார்ட்டர்ஸில் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினால், மற்றவர்கள் ஜன்னலில் நின்று சிரிப்பார்கள். புஷ்பாவும் சிரித்திருக்கிறாள். அந்தப் பழக்கம்தான் என்று இப்போது தனக்குள் சொல்லிக்கொண்டாள். பழக்கமாகத்தான் இருக்க வேண்டும். நாளைக்கு அவள் கோயம்புத்தூர் போகிறாள். மகள் கார்த்திகாவுக்கு இரண்டாவது பிரசவம். நாற்பது நாள் இந்த மனிதர் இங்கே தனியாக இருந்தாக வேண்டும்.

"நெஜமா தனியா இருந்துக்குவீங்களா?"

"நான் இன்னா தொட்டில் கொழந்தையா? போமே."

திறந்திருந்த கதவைத் தட்டிவிட்டு ஷோபனா வந்தாள். இரண்டாவது மாடி, பள்ளியில் புவியியல் டீச்சர். கையில் போன்.

"அங்கிள் எங்கன்னு கீழ எல்லாரும் தேடினோம். கடல்ல, ரொம்பத் தள்ளி வந்திருக்காம். அஞ்சு புள்ளி ஏழு."

"கடலுக்குள்ள இன்னாம்மா இருக்குது ஆடறதுக்கு?" புஷ்பா நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

"அடியில பாறை ரெண்டு பக்கமும் நெருக்கிட்டு நிக்கும் ஆன்ட்டி. வருஷக்கணக்கா தாங்கும். ஒருநாள் தாங்காம வழுக்கிடும். அவ்வளவுதான்."

"அப்ப இங்கயும் அஞ்சு புள்ளி ஏழா?"

"இல்ல. அது அங்க எவ்வளவு பெரிசுன்னு மெஷின் சொல்றது. இங்க எவ்வளவு ஆடுச்சுன்னு நாமதான் சொல்லணும். அதுக்கு ஒரு ஃபார்ம் இருக்கு, வீடு வீடா கேட்டு அனுப்பறேன். அங்கிள், அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"பேப்பர் படிச்சிக்கினு இருந்தேன்."

"எதாவது ஆடுச்சா?"

"பேன் ஆடுச்சு. ஊதுவத்தி ஸ்டாண்டு வுழுந்துச்சு. எழுதிக்கோ."

"பயந்தீங்களா?"

"நானா? உங்க ஆன்ட்டியப் பத்தி எழுது. செருப்பக்கூட மாத்திப் போட்டுக்கினு ஓடுனா."

புஷ்பா காலைப் பார்த்தாள். ஒன்று அவருடைய செருப்பு. ஷோபனா சிரித்துவிட்டாள். புஷ்பாவுக்கும் சிரிப்பு வந்தது. இத்தனை தெளிவாகப் பேசுகிறவரை வீட்டில் விட்டுப் போனால் என்ன என்று மனது சற்று லேசானது.

"எந்த மாடியில இருந்தீங்க? தூரத்து நடுக்கம் மேல இருக்கறவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும், அதான் கேக்கறாங்க. மூணுன்னு போட்டுடறேன்."

"இன்னாம்மா மூணு?" கஜபதி நிமிர்ந்தார். "நம்பளுது கீழ் ஊடாச்சே. மாடில முனியன் இல்ல கீறான்? அவனப் போய்க் கேளு."

ஷோபனா சிரிக்கத் தயாராகக் காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை.

முனியன் குவார்ட்டர்ஸில் மேல் வீட்டுக்காரர். போன தை மாதம் அவருடைய காரியத்துக்கு இருவரும் சேர்ந்துதான் போய் வந்தார்கள்.

"பால்கனிக்குப் போய்ப் பாருங்க," என்றாள் புஷ்பா. குரலில் சண்டை இல்லை.

அவர் போனார். கீழே தென்னை மரத்தின் உச்சி தெரிந்தது. அதற்கும் கீழே கார்கள். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நிலம் அடங்கி அரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. பிடித்த கையை அவர் விடவில்லை.

ஷோபனா போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேஜைமேல் புஷ்பாவின் போன் அடித்தது. சமையலறைக்கும் சேர்த்துக் கேட்கட்டும் என்று எப்போதும்போல் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, நியூஸ்ல பாத்தேன், ஒண்ணும் ஆகலையே? அப்பா நல்லாருக்காரா? பையெல்லாம் கட்டிட்டியாம்மா?"