பொன்மணி கொடுத்த டேங்க்

பழைய வீட்டை இடித்து முடித்ததும் பொன்மணி தெருவுக்கே சொல்லிவிட்டாள். "கதவு, ஜன்னல், உத்திரம் அம்புட்டும் கொல்லையில கெடக்கு. வேணுங்கிறவிய எடுத்துக்கிடுங்க."

ஜன்னல்களை முத்துப்பேச்சி கொண்டுபோனாள். மூடி தொலைந்து, அடியில் விரிசல் விட்டு, வருஷக்கணக்கில் கவிழ்ந்து கிடந்த கறுப்புத் தண்ணீர் டேங்கை அடுத்த தெரு அன்சார் கேட்டான். ஆட்டுத் தீவனம் போட்டு வைக்க ஆகுமாம். குட்டியானை வண்டியில் ஏற்றிப்போய் வீட்டு வாசலில் உருட்டிவிட்டு, பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டான்.

டேங்க் கிடந்த இடத்தைக் கூட்டப் போன பொன்மணி அப்படியே நின்றாள். மண்ணில் ஒரு பாம்புச் சட்டை. காய்ந்து நொறுங்கவில்லை, இன்னும் மெத்தென்று இருந்தது. மணிக்கட்டுப் பருமன். சட்டையை உரித்தது எங்கே போயிருக்கும்? சுற்றிலும் வெறும் தரை.

உடனே அன்சார் வீட்டுக்குப் போன் போட்டாள். அன்சாரின் மனைவி ஹஸீனா ஏழு மாதக் கர்ப்பிணி. போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை. பொன்மணி செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள். 'நல்லது செய்யுறேன்னு எமனையில்ல அனுப்பிட்டேன்' என்று நெஞ்சு அடித்துக்கொண்டது.

வாசலில் டேங்க் சாய்ந்து கிடந்தது. ஹஸீனா மண்டிபோட்டு, தலையும் தோளும் உள்ளே போக, கையில் பிரஷ்ஷோடு தேய்த்துக்கொண்டிருந்தாள். கத்தினால் துள்ளுவாளோ என்று பயந்து, பொன்மணி அவள் முதுகில் மெல்லக் கை வைத்தாள்.

"ஏட்டி, கையை ஆட்டாத. மெதுவாப் பின்னால வா."

"என்னக்கா?"

"கேக்காத. வா."

ஹஸீனா வெளியே வரவும், உள்ளிருந்து குக்கர் ஆவி விடுவதுபோல ஒரு நீண்ட சீறல் கேட்டது. இருவரும் எதிர்த்த வீட்டுப் படியில்தான் போய் விழுந்தார்கள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து கொக்கியால் இழுத்தபோது வெளியே வந்தது கண்ணாடி விரியன். சாக்கில் கட்டிக்கொண்டு போனார்கள். பொன்மணிக்கு அழுகை நிற்கவில்லை.

"நாந்தான்டி ஒன் வீட்டுக்கு அனுப்பி வச்சேன்."

"நீங்களா பிடிச்சு உள்ள விட்டிய? இம்புட்டுத் தூரம் ஓடி வந்தியளே, அதச் சொல்லுங்க." ஹஸீனா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். "டேங்க் எனக்கு வேணும்க்கா. அவிய வந்து வெந்நி ஊத்திக் கழுவட்டும்."

பொன்மணி பாதித் தண்ணீர்தான் குடித்தாள். சட்டென்று எழுந்து, சுவரோரம் கிடந்த கம்பை எடுத்துக்கொண்டாள்.

"எங்கக்கா?"

"முத்துப்பேச்சி வீட்டுக்கு. ஜன்னலைப் புரட்டிப் பாத்துட்டு வாரேன்."