இறக்கத்திலும் வரிசை

அன்று அந்த மலை இறக்கத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். அவருக்கு அடுத்துப் பிறந்து, மற்ற இருவருக்கும் அக்காவான தலைமை நர்ஸ். அச்சகம் வைத்திருக்கும் நடுவன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த கடைக்குட்டி சின்னவன். நால்வரும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். வேறு யாரும் அங்கே இல்லை. நேரில் பார்த்ததாகச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம்.

வெளிநாட்டில் சைக்கிளிலேயே சுற்றலாம் என்பது சின்னவனின் யோசனை. ஆளுக்கொரு வாடகை சைக்கிள், முதுகில் ஒரு பை. அது கடைசி நாள். மலையிலிருந்து இறங்கி, துறைமுகத்தை ஒட்டிய கடையில் வண்டிகளை ஒப்படைத்துவிட்டு விமானம் ஏற வேண்டியதுதான் பாக்கி.

அந்த வீட்டில் எதற்கும் வரிசை உண்டு. சாப்பிட உட்கார்ந்தாலும் போட்டோவுக்கு நின்றாலும் மூத்தவர் முதலில், பிறகு பிறந்த வரிசைப்படி மற்றவர்கள். அப்பா போட்ட வழக்கம். அவர் போன பிறகும் யாரும் அதில் கை வைக்கவில்லை. சைக்கிளிலும் அப்படியே. மூட்டுவலியோடு பெரியவர் முன்னால் ஊர்ந்து போவார். மின்கம்பத்தில் அணில் மாதிரி ஏறுகிற சின்னவன் கடைசியில் வருவான். "ஊருக்குப் போனா என்னடா பார்த்தேன்னு கேப்பாங்க. நடுவண்ணன் முதுகைப் பார்த்தேன்னுதான் சொல்லணும்" என்று முந்தின நாள் சாப்பிடும்போது சொன்னான். பெரியவர்கூடச் சிரித்துவிட்டார். அக்காவுக்கு அந்த வரிசையில் பெருமைதான். வழியில் நிற்கிறவர்கள் பார்ப்பார்கள் என்று முதுகை நிமிர்த்திக்கொண்டு மிதிப்பாள்.

காலையில் தூறிக்கொண்டிருந்தது. விடுதியின் சைக்கிள் கொட்டகையில் சின்னவன் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டுப் பிரேக்கை அழுத்தினான். சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றியது. கட்டை தேய்ந்திருந்தது, ஈரத்தில் அடியோடு பிடிக்கவில்லை. கடைக்காரனுக்குப் போன் போட்டால் வேறு வண்டி அனுப்புவான், ஆனால் கொஞ்சம் காத்திருக்க வேண்டும் என்றான். பெரியவர் கடிகாரத்தைப் பார்த்தார். தாமதம் என்றாலே அவருக்கு உடம்பு கூசும். முன் பிரேக் இருக்கிறதல்லவா, மெதுவாக வந்தால் போதும் என்று முடித்துவிட்டார்.

அக்கா பெரியவர் பக்கம் திரும்பினாள்.

"அப்படின்னா அவனை முன்னாடி விடுங்கண்ணே. வண்டி நிக்கலைன்னாலும் மோதறதுக்கு எதிர்ல நம்ம ஆளுங்க இருக்க மாட்டாங்க."

"நான் இருக்கும்போது அவன் முன்னாடி போறதா? நீயா இதைச் சொல்றே?"

நடுவன் ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் குனிந்துகொண்டான். சின்னவன்தான் பேச்சை மாற்றினான். "விடுக்கா. இத்தனை நாள் வால்ல தொங்கினவன், இன்னைக்கு மட்டும் தலையில ஏறணுமா?"

வார்டில் டாக்டர்களையே எதிர்த்துப் பேசுகிறவள் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியவள் என்ற பெயர் வேண்டாம் என்று நினைத்தாள்.

சாலை குறுகல். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் இடுப்பளவுக்குச் சுவர். சில இடங்களில் அதுவும் இடிந்து கிடந்தது. மூன்றாவது வளைவு தாண்டியதும் பின்னாலிருந்து நடுவன் கத்தினான். அக்கா பாறையோரம் ஒதுங்கினாள். சின்னவன் அவளைக் கடந்தான். முன் பிரேக்கின் கம்பி அறுந்து தொங்கியது. இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டு, மணியை விடாமல் அடித்தான்.

"அண்ணே, ஓரமா வாங்க."

பெரியவர் சாலையின் நடுவில் போய்க்கொண்டிருந்தார். மணிச் சத்தத்துக்குத் தலை பாதி திரும்பியது. வருகிறவன் யாரென்று பார்த்தது. பிறகு நேராகிவிட்டது. சைக்கிள் நடுவிலேயே போனது. பாறையோரம் ஒரு முழம் நகர்ந்திருந்தால் போதும். அண்ணன் முதுகில் இடித்திருந்தால்கூட இரண்டு பேருக்கும் எலும்பு முறிவோடு போயிருக்கும். சின்னவன் இடிக்கவில்லை. சுவர் இடிந்திருந்த பக்கம் ஹேண்டில்பாரைத் திருப்பினான்.

அக்கா சரிவில் சறுக்கி இறங்கினாள். கீழே கிடந்தவன் கழுத்தில் விரல் வைத்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஆம்புலன்ஸ் வரும்வரை மார்பை அழுத்திக்கொண்டே இருந்தாள். மேலே நின்ற இருவரும் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் வேகமாக வந்துவிட்டான் என்று பெரியவர் போலீசிடம் சொன்னார். ஊருக்குப் போன் செய்தபோது, அவனுக்கு எப்போதுமே துடுக்கு என்பதையும் சேர்த்துக்கொண்டார். நடுவன் தலையாட்டினான். ஆஸ்பத்திரி தாழ்வாரத்தில் பெரியவர் தங்கையின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நடந்தது நடந்துபோச்சு. வீட்டு மானம் உன் கையில இருக்கு."

"அவனும் அந்த வீடுதாண்ணே" என்றாள் அக்கா. அவள் எழுந்து போய், பிரேதத்தோடு அனுப்ப வேண்டிய அவனுடைய துணிகளை மடிக்க ஆரம்பித்தாள்.

சொந்தக்காரர்கள் மிச்சத்தைத் தாங்களே பூர்த்தி செய்துகொண்டார்கள். சின்னவன் குடித்துவிட்டு ஓட்டினான் என்று இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. அவன் குடிக்கவில்லை. மணி அடித்தான். பெரியவர் வழி விடவில்லை.